டைல் தரை: அழுக்கை எடுங்கள், ஈரத்தை விடாதீர்கள்

காலையில் துடைத்த தரை, மாலையில் நடந்தால் காலில் ஒட்டுகிறது. வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஹாலை ஒருமுறை சுற்றி வந்தால் பாதம் கறுத்துவிடுகிறது. போன வாரம் ஒரு மூடி மருந்து ஊற்றினோம், இந்த வாரம் இரண்டு மூடி ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஊற்ற வேண்டாம். பல வீடுகளில் தரை பிசுபிசுப்பதற்குக் காரணமே போன வாரத்து மருந்து அலசப்படாமல் தங்கிப்போனதுதான்.

சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 82 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. விடியும் முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். சித்திரை வெயிலில் மதுரை வீட்டுத் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். இங்கே அதிகாலையில் துடைத்த தரை வெகுநேரம் ஈரமாகவே கிடக்கும். ஈரம் காய்வதற்குள் தூசி வந்து உட்கார்ந்துவிடும்; டைல் இடுக்கில் பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே தரை சுத்தம் என்பது மூன்று வேலை. உலர்ந்த அழுக்கைக் கூட்டி எடுப்பது, ஒட்டிய அழுக்கைக் கரைத்து எடுப்பது, கரைத்த நீரை எடுப்பது. முதலிரண்டையும் எல்லோரும் செய்கிறோம். மூன்றாவதை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது ஊர்ப் பழக்கம். இந்த ஊரில் அதையும் நாம்தான் செய்தாக வேண்டும்.

உங்கள் தரை எந்த வகை?

மருந்து வாங்கும் முன் தரையைப் பாருங்கள். எல்லாவற்றையும் "டைல்" என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றுக்கு ஏற்றது இன்னொன்றைக் கெடுக்கும்.

மெருகிட்ட செராமிக் டைல்: சுட்ட களிமண்மீது கண்ணாடிப் பூச்சு ஏற்றியது. பூச்சு நீரை உறிஞ்சாது. அடியில் இருக்கும் களிமண் உறிஞ்சும். மூலை உடைந்த டைலைக் கவனித்தால் உடைந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். பூச்சு போன இடத்தில் அழுக்கு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

போர்சலின் டைல்: கடைக்காரர்கள் "ஹோமோஜீனியஸ்" என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த இனம்தான். அதிக வெப்பத்தில் சுட்டு இறுகியது. அனைத்துலகத் தர அளவுப்படி அது உறிஞ்சும் நீர் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனாலும் பளபளவென்று தேய்த்து மெருகேற்றிய போர்சலினில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். எண்ணெயும் மஞ்சளும் அதில் போய் ஒளிந்துகொள்ளும்.

மொசைக், டெரசோ: பழைய வீவக வீடுகளில் இன்னும் காணலாம். சலவைக்கல் துண்டுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்தது. வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் இதன்மேல் படக் கூடாது. பட்ட இடம் பளபளப்பு இழந்து வெளுத்துப்போகும். துடைத்துச் சரிசெய்ய முடியாது, மறுபடி இயந்திரம் வைத்துத் தேய்க்க வேண்டியிருக்கும்.

பூப்போட்ட சிமெண்ட் ஓடு: லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் காலடியில் கிடப்பவற்றில் பல இந்த வகை. நிறச் சிமெண்டை அச்சில் ஊற்றி அழுத்திச் செய்தவை; சுட்டவையும் அல்ல, மெருகிட்டவையும் அல்ல. ஜாலான் புசார் பக்கம் பெட்டைன் சாலையில் 1930 வாக்கில் கட்டிய 18 வீடுகளின் முகப்பில் மின்னும் பூ ஓடுகள் வேறு இனம். அவை கண்ணாடிப் பூச்சு ஏற்றிய சுவர் ஓடுகள். சுவர் ஓட்டைச் சோப்பு நீரால் துடைக்கலாம். சிமெண்ட் ஓட்டுக்கு மென்மையான சோப்பு நீர் போதும். அமிலமும் கூடாது, பிளீச்சும் கூடாது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பழைய ஓட்டைப் பெயர்த்துப் புதிது போட நினைத்தால் முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் விசாரியுங்கள்.

வகை பிடிபடவில்லையா? அலமாரிக்குப் பின்னால், பார்வை படாத மூலையில் ஒரு துளி நீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். துளி அப்படியே உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. துளி பரவி, அந்த இடம் கருத்திருந்தால் தரை நீரை உறிஞ்சுகிறது. அமிலப் பக்கமே போகாதீர்கள். புது மருந்து எதுவானாலும் முதலில் அந்த மூலையில் சோதித்துவிட்டு ஹாலுக்குக் கொண்டு வாருங்கள்.

கையிலிருக்க வேண்டியவை

மென்மையான துடைப்பம் அல்லது வேக்குவம். இரண்டு வாளி. மைக்ரோஃபைபர் மாப், அதற்கு மாற்றுத் துணி இரண்டு. நைலான் முடியுள்ள சிறிய தூரிகை. பழைய பல் தூரிகையும் ஆகும். ரப்பர் கையுறை. பழைய பருத்தித் துண்டு ஒன்று. கழிக்க வேண்டியவை: கம்பி பிரஷ், இரும்பு நார், சமையலறைப் பச்சை நார். இவை கறையோடு பூச்சையும் சுரண்டிவிடும்.

மருந்து வகையில், பாத்திரம் கழுவும் திரவம் ஒன்று, அமிலமும் காரமும் இல்லாத தரைத் திரவம் ஒன்று, சமையல் சோடா, ஆக்ஸிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் தூள், சாதாரண குளோரின் பிளீச் ஒரு சிறு பாட்டில். முஸ்தஃபாவின் அடுக்குகளிலும் பேட்டைப் பேரங்காடியிலும் ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு பாட்டில் இருக்கும். லாவெண்டர் மணம் அழுக்கை எடுக்காது. லேபிளில் எவ்வளவு நீருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும்; அந்த அளவைத் தாண்டாதீர்கள். வீட்டுப் பணிப்பெண் துடைப்பவராக இருந்தால் அந்த அளவை அவர் மொழியில் எழுதி வாளியின்மேல் ஒட்டிவிடுங்கள்.

மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அது நுண்ணிழைகளின்மேல் படலமாகப் படிந்து, அழுக்கைப் பிடிக்கும் திறனைப் போக்கிவிடும்.

வாராந்தரத் துடைப்பு

மழையில்லாத நாளில் முற்பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓரளவு உலர்ந்திருக்கும் நேரம் அதுதான். வேலைக்குப் போகிறவர்கள் இரவில் துடைப்பதானால் மின்விசிறியை முன்கூட்டியே சுழல விடுங்கள்.

1. நாற்காலி, மிதியடி, செருப்புத் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

2. உலர்ந்த தரையை நன்றாகக் கூட்டுங்கள். மணலைத் தரையில் விட்டு மாப்பால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். மணலிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. பல டைல் பூச்சுகள் அதைவிட மென்மையானவை. வாசலிலிருந்து ஹாலுக்கு வரும் பாதை மட்டும் மங்கிப்போவது இதனால்தான்.

3. முதல் வாளியில் மருந்து கலந்த நீர், இரண்டாவதில் வெறும் நீர். மாப்பை முதல் வாளியில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, அறையின் உள்மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே துடையுங்கள்.

4. நாலைந்து டைல் துடைத்ததும் மாப்பை இரண்டாவது வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு, மறுபடி முதல் வாளிக்குப் போங்கள். ஒரே வாளியை வைத்துத் துடைப்பவர்கள் ஹாலின் அழுக்கைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பூசுகிறார்கள். அலசும் நீர் சாம்பல் நிறமானதும் மாற்றுங்கள்.

5. வெறும் நீரில் அலசிய மாப்பால் இன்னொரு முறை முழுத் தரையையும் துடையுங்கள். தங்கிய மருந்து இதில்தான் வெளியேறும். "அலசத் தேவையில்லை" என்று லேபிள் சொன்னாலும் மாதம் ஒருமுறையாவது செய்யுங்கள்.

6. உலர்ந்த துண்டை மாப் தலையில் சுற்றி ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். மின்விசிறி, திறந்த ஜன்னல். பத்து நிமிடத்தில் தரை காய்ந்திருக்க வேண்டும்.

அழுக்கு நீரைக் கழிவறையிலோ குளியலறைத் தரை வடிகாலிலோ ஊற்றுங்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். இருபது காசு நாணய அளவு நீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசுவுக்கு. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் ஆகும். மாப்பைக் காற்றில் காயவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கவிடுவதானால் ஒட்டப் பிழிந்த பிறகு தொங்கவிடுங்கள்; கீழ்மாடியில் யாரோ வெள்ளைச் சட்டை காயப்போட்டிருப்பார்கள்.

தரை பிசுபிசுத்தால்

பல மாதத்து மருந்து படிந்த தரைக்கு மேலும் மருந்து வேண்டாம். முதலில் வெறும் வெந்நீரால் இரண்டு மூன்று முறை துடைத்து, ஒவ்வொரு முறையும் நீரை மாற்றுங்கள். முதல் வாளியில் நுரை வந்தால், நீங்கள் எடுப்பது பழைய சோப்பு என்று புரிந்துகொள்ளலாம். அதற்கும் அசையாவிட்டால், மெருகிட்ட செராமிக், போர்சலின் தரைகளுக்கு மட்டும் நான்கு லிட்டர் நீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் கலந்து துடைத்து, உடனே வெறும் நீரால் அலசுங்கள். ஆண்டுக்கு இரண்டொரு முறை போதும். வினிகர் அமிலம், டைல் இடுக்கிலிருக்கும் சிமெண்ட் காரம். வாராவாரம் வினிகர் போட்டால் இடுக்கு அரித்துப்போகும்.

இரவெல்லாம் ஏர்கான் ஓடிய அறையைக் காலையில் திறந்ததும் தரை ஈரமாக இருப்பது வேறு விஷயம். குளிர்ந்த டைல்மீது வெளிக்காற்றின் ஈரம் படிந்து தரை வேர்க்கிறது. அதற்கு மருந்து தேவையில்லை. உலர்ந்த துணியால் துடைத்து மின்விசிறியை ஓடவிடுங்கள்.

நம் வீட்டுக் கறைகள்

மஞ்சள். குழம்பு சிந்திய இடத்தில் சோப்பு நீர் பட்டதும் மஞ்சள் கறை சட்டென்று சிவக்கும். பயப்படாதீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் தன்மையுடையது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். முதலில் எண்ணெயைத் தாளால் ஒற்றி எடுங்கள். பாத்திரத் திரவம் போட்டுத் துடைத்து அலசுங்கள். மிச்சமிருக்கும் நிறத்தின்மேல் ஆக்ஸிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பூசிக் கால்மணி நேரம் விட்டு அலசுங்கள். ஜன்னலோரத் தரையாக இருந்தால் வெயிலே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும்.

எண்ணெய். பூஜை அறைத் தரையில் நல்லெண்ணெய் கொட்டினால் நீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் பரவி இடுக்குக்குள் போய்விடும். கடலை மாவோ அரிசி மாவோ தாராளமாகத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். மாவு எண்ணெயைக் குடித்துக் கட்டியானதும் அட்டைத் துண்டால் வழித்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். பிறகு பாத்திரத் திரவமும் வெந்நீரும். மெருகேற்றிய போர்சலினுக்குள் இறங்கிய பழைய எண்ணெய்க் கறைக்கு, சமையல் சோடாவை நீரில் பசைபோலக் குழைத்துத் தடிமனாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுப் பசை காய்ந்ததும் வழித்தெடுங்கள். கறை ஒரே தடவையில் போகாவிட்டாலும் வெளிறியிருக்கும்; மறுபடி செய்யுங்கள்.

குங்குமமும் திருநீறும். இரண்டுக்கும் ஈரத்துணி எதிரி. உலர்ந்த தூரிகையால் தாள்மேல் கூட்டி எடுத்த பிறகுதான் ஈரம். கடைக் குங்குமங்களில் சாயம் கலந்தவை உண்டு. நனைந்தால் டைல் இடுக்கு ரோஸ் நிறமாகிவிடும். கற்பூரக் கரிக்குச் சமையல் சோடா தொட்ட ஈரத்துணி போதும். மெழுகுக்குப் பனிக்கட்டி வைத்து இறுகவிட்டுப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் பெயர்த்தெடுங்கள்.

மீன் நீர். தேக்கா ஈரச்சந்தையிலிருந்து வரும் பையின் அடியிலிருந்து சமையலறைவரை ஒரு கோடு போட்டுக்கொண்டே வரும். முதல் துடைப்பு குளிர்ந்த நீரால் இருக்கட்டும். இரத்தமும் மீன் புரதமும் வெந்நீர் பட்டால் இறுகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீருக்குப் பின் பாத்திரத் திரவம், அதற்குப் பின் அலசல்.

துரு. இரும்பு அலமாரிக் காலும் கேஸ் சிலிண்டர் அடியும் விட்டுப்போகும் பழுப்பு வட்டம். இதற்குப் பிளீச் போட்டால் கறை இன்னும் இறுகும். மெருகிட்ட டைலில் எலுமிச்சைச் சாறு தொட்டு, இடுக்கில் படாமல் தேய்த்து உடனே அலசுங்கள். துருநீக்கி வாங்கினால் லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது கண்ணாடியையே கரைக்கும், டைலின் பூச்சையும். தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

டைல் இடுக்கு

தரை பழசாகத் தெரிவதற்கு டைலைவிட இடுக்குதான் காரணம். கிரவுட் என்பது சிமெண்ட். துளையுள்ளது, டைலைவிடச் சற்றுப் பள்ளமாக இருப்பது. மாப் மேட்டைத் துடைத்துவிட்டு அழுக்கு நீரைப் பள்ளத்தில் நிரப்பிவிட்டுப் போகிறது.

ஆக்ஸிஜன் பிளீச் தூளை லேபிள் அளவுப்படி வெதுவெதுப்பான நீரில் கரைத்து இடுக்கு நெடுக ஊற்றி, கால்மணி நேரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நைலான் தூரிகையால் இடுக்கின் நீளவாட்டில் தேயுங்கள். கிளம்பும் பழுப்பு நீரை அங்கேயே விடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் அதே இடுக்கில் மறுபடி படியும். ஒரே நாளில் வீடு முழுதும் வேண்டாம், முதுகு தாங்காது. இந்த வாரம் சமையலறை, அடுத்த வாரம் ஹால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குளோரின் பிளீச் இடுக்கை வெளுக்கச் செய்யும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது. பிசுக்கின்மேல் வெள்ளையடித்ததுபோல் இரண்டு வாரம் தெரியும். பிறகு பழைய கதை. எப்போதும் தேய்த்தெடுத்த பிறகுதான் வெளுப்பு.

இடுக்கு முழுதாகக் காய்ந்த பின், இரண்டு நாள் கழித்து கிரவுட் சீலர் பூசினால் எண்ணெயும் நீரும் உள்ளே இறங்காது. சீலர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க முன்பு சொன்ன நீர்த்துளிச் சோதனையே போதும். உதிர்ந்துபோன இடுக்கைத் தேய்க்காதீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுக் கிரவுட் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரம்வரை நீர் படாமல் காக்க வேண்டும்.

குளியலறை: தரை காயட்டும், வடிகால் காயக் கூடாது

குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் நீரை வடிகாலுக்குத் தள்ளிவிட்டு வருவது ஒரு நிமிட வேலை. மூலையில் கறுப்புப் புள்ளி வராமல் தடுக்க அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஏற்கெனவே பூஞ்சை பிடித்திருந்தால் சோப்பு நீரால் தேய்த்து அலசிய பிறகு, 5 விழுக்காட்டுப் பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர், அதாவது 20 மில்லி பிளீச்சோடு 980 மில்லி நீர் சேர்த்துத் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். வைத்திருந்தால் வீரியம் குறையும்.

தரை வடிகாலுக்கு இதற்கு நேரெதிர் விதி. வடிகாலின் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்க வேண்டும். கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் அடைத்து நிற்பது அந்த நீர்தான். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிகளில் சார்ஸ் பரவி 300க்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோது, சுகாதாரத் துறை விசாரணை சுட்டிய காரணங்களில் ஒன்று இந்த வளைகுழாய்கள் காய்ந்திருந்தது. அங்கே பலர் குளியலறைத் தரையை நீரூற்றிக் கழுவாமல் மாப்பால் மட்டும் துடைத்துவந்தார்கள். வடிகாலுக்குள் நீரே போகவில்லை. ஆகவே வாரம் ஒருமுறை ஒவ்வொரு தரை வடிகாலிலும் அரை வாளி நல்ல நீர் ஊற்றுங்கள். விருந்தினர் குளியலறை, துணி துவைக்கும் மூலை என்று புழங்காத இடத்தை மறந்துவிடாதீர்கள். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நீர் ஊற்றி வடிகாலை மூடிவிட்டுப் போங்கள். கொசுவும் உள்ளே போகாது.

வீட்டில் முதியவர் இருந்தால் பளபளப்பைவிடப் பிடிமானம் முக்கியம். சோப்புப் படலம் நீர் பட்டதும் வழுக்கும். குளியலறைத் தரையில் மெழுகோ பாலிஷோ வேண்டவே வேண்டாம். வீவக 2012இல் தொடங்கிய ஈஸ் திட்டத்தின்கீழ் குளியலறை டைல்களுக்கு வழுக்காத் தன்மையூட்டும் பூச்சு வேலையும் கைப்பிடிகளும் மானிய விலையில் கிடைக்கும். அப்படிச் செய்த தரையைத் தூரிகையும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்து நன்றாக அலசுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் கட்டாயம்.

ஒன்றோடொன்று கலக்கக் கூடாதவை

பிளீச்சோடு கழிவறை ஆசிட், வினிகர், எலுமிச்சை எதைச் சேர்த்தாலும் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவம் சேர்ந்தால் குளோரமின் வாயு. இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. வீவக குளியலறையின் சிறிய இடத்தில் சில நொடியில் மூச்சை அடைக்கும். இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்பது ஆபத்தான கணக்கு. ஒரு மருந்தை முற்றிலும் அலசிவிட்டு, வேறொன்றை இன்னொரு நாள் போடுங்கள். தெரியாமல் கலந்து காரநெடி வந்தால் சுத்தம் செய்ய நிற்காதீர்கள். எல்லோரும் வெளியேறுங்கள், மூச்சுத் திணறினால் 995ஐ அழையுங்கள். எந்த மருந்தையும் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

வாசலும் நடைவழியும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போட்ட வண்ணப்பொடிக் கோலத்தைக் கலைக்கும்போது நீரை ஊற்றாதீர்கள். கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு ஈரத்துணி. அரிசிமாவு நனைந்தால் பசையாகும், காய்ந்தால் எறும்பைக் கூப்பிடும். ஸ்டிக்கர் கோலத்தை முடி உலர்த்தியால் சூடுகாட்டிப் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல உரியுங்கள். மிச்சப் பசையைச் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பின் பாத்திரத் திரவத்தால் துடையுங்கள்.

பொது நடைவழியை வாளி வாளியாய்க் கழுவி விட்டால் நீர் கீழ்மாடிக்குச் சொட்டும். கடைவீட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகர அமைப்பிலிருந்து வந்த ஐந்தடி நடைபாதையைக் காலையில் கழுவிவிடுவது பல கடைகளின் பழக்கம். சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. கழிவறையில் ஊற்றும் நீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. தெருவோரக் கால்வாயில் விடும் நீர், லிட்டில் இந்தியா பக்கமானால், ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008இல் மரினா அணை வந்த பிறகு அது குடிநீருக்கான நீர்த்தேக்கம். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அங்கே சேர்கிறது. நடைபாதையைக் கூட்டி, ஈர மாப்பால் துடைத்து, அழுக்கு நீரை உள்ளே கொண்டுபோய் ஊற்றுங்கள்.

டைல் எழும்பினால்

2018 ஜனவரிக் குளிரில் சிங்கப்பூரின் பல வீடுகளில் தரை டைல்கள் திடீரென்று வெடித்து எழும்பின. வெப்பநிலை மாற்றத்தில் டைலும் கான்கிரீட்டும் வெவ்வேறு அளவு சுருங்கி விரிவதும், ஒட்டுப்பசை நாள்பட்டு வலுவிழப்பதும் இதற்குக் காரணங்கள். துடைக்கும்போதே இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம். மாப் கட்டையின் நுனியால் டைலைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் நல்லது. வெற்றொலி வந்தால் அடியில் பிடிமானம் போய்விட்டது. அங்கே நீர் தேக்காதீர்கள், கனமான சாமான் வைக்காதீர்கள். எழும்பிவிட்டால் மிதிக்காமல், விளிம்பை மாஸ்கிங் டேப்பால் மூடிப் பிள்ளைகளை விலக்கிவைத்துவிட்டு வீவக கிளை அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

புது வீட்டுக் குளியலறையில் கறை போகவில்லை என்று டைலையே பெயர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். புளோக் கட்டிமுடித்து மூன்று ஆண்டுவரை குளியலறைத் தரை, சுவர் டைல்களைப் பெயர்க்க வீவக அனுமதிப்பதில்லை; அடியிலிருக்கும் நீர்த்தடுப்புப் படலம் கெட்டால் கீழ்வீட்டில் ஒழுகும். அதற்குப் பிறகும் பழைய டைல்மீது புதிதை ஒட்டும்போது, சாந்தும் சேர்த்துத் தரையின் மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

நாள், வாரம், மாதம்

தினமும்: சமையலறையையும் வாசலையும் கூட்டுங்கள். சிந்தியதை அப்போதே துடையுங்கள். குளித்ததும் வைப்பர்.

வாரம் ஒருமுறை: இரண்டு வாளித் துடைப்பு, உலர்ந்த துண்டு ஓட்டம். எல்லாத் தரை வடிகாலிலும் அரை வாளி நீர். மாப் துணி துவைப்பு.

மாதம் ஒருமுறை: மருந்தில்லாத வெந்நீர்த் துடைப்பு. சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில். ஏதேனும் ஓர் அறையின் இடுக்கு.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்: சமையலறை இடுக்கு முழுதும், இடுக்கு உதிர்ந்த இடங்களுக்குப் புதுக் கிரவுட், காய்ந்த பின் சீலர். வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை கூடும். பலகாரம் சுடும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்துகொண்டால் சீலர் பிடிக்காது. பலகார வேலை முடிந்த அன்றே அடுப்படித் தரையைப் பாத்திரத் திரவம் கலந்த வெந்நீரால் ஒருமுறை, வெறும் நீரால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், தீபாவளி அன்றைக்கு வெறும் கூட்டல் போதும்.